ஒரு நாள், மூன்று முனைகள்: நீஸிலிருந்து மாளிகை நடைக்கு எந்தப் பக்கம் போவது?

நீஸில் மூன்று நாள் தங்கல். அதில் ஒரு நாள் கடலோர வில்லாக்களுக்கு. ஃபெரா முனைக்குப் போவதா, மார்த்தன் முனைக்கா, அந்தீப் முனைக்கா? தெற்கு பிரான்ஸ் பயணத்துக்கு ஆலோசனை கேட்பவர்களில் பெரும்பாலோர் கடைசியில் வந்து முட்டி நிற்பது இந்தக் கேள்வியில்தான். இணையத்தில் தேடினால் மூன்று இடத்துக்கும் ஒரே மாதிரிப் படங்கள் வருகின்றன: நீலக் கடல், பைன் மரம், வெள்ளைக் கைப்பிடிச் சுவர். அந்தப் படங்களைப் பார்த்து முடிவெடுத்துப் போனவர்கள் பலர் பூட்டிய இரும்புக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. இரண்டைக்கூட ஒரே நாளில் சேர்ப்பது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் கதைதான். அந்தீப் நீஸுக்கு மேற்கே இருக்கிறது, மற்ற இரண்டும் கிழக்கே. ஆகவே ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

கதவு. என் கணக்கில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். இந்தக் கரையில் புகழ்பெற்ற மாளிகைகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஏறக்குறைய எல்லாமே தனியார் சொத்து. நாம் பார்க்கக்கூடியது வேலி, கேமரா, சைப்ரஸ் மரத்தின் உச்சி, அவ்வளவுதான். உள்ளே போக முடிகிற வீடுகள் என்றால், யாரோ உயில் எழுதி வைத்தோ, நன்கொடையாகக் கொடுத்தோ, அரசு விலைக்கு வாங்கியோ பொதுவுக்கு வந்தவை. ஃபெரா முனைப் பக்கம் கெரிலோஸ் 1928-இல், எஃப்ரூசி மாளிகை 1934-இல், அந்தீப் முனையில் எலென்ரோக் 1982-இல், மார்த்தன் முனையில் ஐலீன் கிரேயின் இ-1027 வீடு 1999-இல். உங்கள் நாளைத் தீர்மானிப்பது இந்த நாலு வீடுகளின் திறப்பு நேரம்.

கால். எவ்வளவு தூரம், எத்தனை படி, நிழல் உண்டா? கரையோரப் பாதைகள் பழைய சுங்கக் காவலர்கள் கடத்தல்காரர்களைப் பிடிக்க ரோந்து போன தடங்கள். 1976-இன் கடைசி நாளில் வந்த ஒரு பிரெஞ்சுச் சட்டம், கடலோரத் தனியார் நிலத்தின் ஓரமாக மூன்று மீட்டர் அகலத்தைப் பொதுமக்கள் நடக்க விடவேண்டும் என்றது. பெருங்கோடீசுவரர் வீட்டுத் தோட்டத்துக்கும் அலைக்கும் நடுவே நாம் செருப்போசையோடு போக முடிவது அதனால்தான். ஆனால் பாதை என்றதும் மெரினா நடைபாதையை நினைத்துவிட வேண்டாம். பல இடங்களில் கரடுமுரடான கல், கைப்பிடி இல்லாத படி.

பை. நுழைவுச் சீட்டு இதில் சின்னச் செலவு. மதியச் சாப்பாடு, தண்ணீர், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் டாக்ஸி, இவைதான் கையைக் கடிக்கும்.

கூட்டு. அப்பா அம்மாவோடா, தள்ளுவண்டியில் குழந்தையோடா, கட்டடக்கலை படிக்கும் மகளோடா? இதற்கான பதில் மாறினால் நான் சொல்லும் இடமும் மாறும்.

## ஃபெரா முனையும் போல்யூவும்: இரண்டு வீடு, இரண்டு மனிதர்கள்

நீஸ் மத்திய ரயில் நிலையத்திலிருந்து போல்யூ-சூர்-மேர் பத்து நிமிடப் பயணம். அங்கிருந்து கால்மணி நடையில் கெரிலோஸ். அதிலிருந்து அரைமணிக்குள் எஃப்ரூசி த ரோட்ஷீல்ட் மாளிகை, கடைசிப் பகுதி மட்டும் ஏற்றம். உள்ளே போகக்கூடிய இரண்டு பெரிய வீடுகள் ஒரே நடையில் கிடைப்பது இங்கே மட்டும்தான்.

கெரிலோஸைக் கட்டியவர் தியோடோர் ரெய்னாக், கிரேக்கத் தொல்லியலில் ஊறியவர். கட்டடக் கலைஞர் எம்மானுவேல் பொந்த்ரெமோலியோடு சேர்ந்து 1902-இலிருந்து 1908 வரை, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மீது, கி.மு. 2-ஆம் நூற்றாண்டு தெலோஸ் தீவு வீடுகளை மாதிரியாகக் கொண்டு எழுப்பினார். வாசலில் மொசைக்கில் கிரேக்க எழுத்தில் வரவேற்பு. நடுவே தூண் வரிசை சூழ்ந்த திறந்த முற்றம். நாற்காலி, கட்டில், விளக்கு எல்லாம் பழங்கால மாதிரியில் புதிதாகச் செய்தவை. ஆனால் மனிதர் ஏமாளி இல்லை. மின்சாரம் உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு, பியானோகூட உண்டு. மூடிவைத்தால் அது பழைய மரப்பெட்டி மாதிரிதான் தெரியும். வீட்டின் அடியில், அலை மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு நடைவழியில் கிரேக்கச் சிலைகளின் அச்சு வார்ப்புகள் நிற்கின்றன. பெரும்பாலோர் மாடிக்குப் போய் வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே இறங்காமல் வந்துவிடாதீர்கள்.

இந்தக் குடும்பத்தின் பின்கதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. ரெய்னாக்கின் மகன் லெயோன், மருமகள் பெயத்ரிஸ் த கமோந்தோ, பேரப்பிள்ளைகள் இருவர், நால்வரும் யூதர்கள் என்பதற்காக நாடுகடத்தப்பட்டு நாஜி முகாமில் மாண்டார்கள். முற்றத்தில் நின்று அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போது இதுவும் நினைவில் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

எஃப்ரூசி மாளிகை இதற்கு நேர்மாறு. வங்கியாளர் அல்ஃபோன்ஸ் த ரோட்ஷீல்டின் மகள் பெயத்ரிஸ். 1905-இல் முனையின் கழுத்துப் பகுதியில் ஏழு ஹெக்டேர் மேட்டு நிலத்தை வாங்கினார். அதே நிலத்தின் மேல் பெல்ஜிய அரசர் இரண்டாம் லெயோபோல்டும் கண் வைத்திருந்தார். பாறையை வெடிவைத்துச் சமன்செய்து, 1912-இல் வேலை முடிந்தது. வெளியே இளஞ்சிவப்பு. உள்ளே செவ்ர் பீங்கான், 18-ஆம் நூற்றாண்டுத் தளவாடங்கள், சுவர்ப் பலகையெங்கும் குரங்குகள் கூத்தடிக்கும் ஒரு சின்ன அறை. பழம்பொருள் வியாபாரிகள் ரயிலில் கொண்டுவந்த சரக்கைப் போல்யூ நிலையத்தின் நடைமேடையிலேயே பரப்பிவைத்து அம்மையார் பொறுக்கி எடுப்பார் என்று ஒரு கதை சொல்வார்கள். தோட்டக்காரர்கள் சிவப்புக் குஞ்சம் வைத்த மாலுமித் தொப்பி அணிந்திருந்தார்கள். நீளமான பிரதான தோட்டம் ஒரு கப்பலின் மேல்தளமாகத் தோன்றவேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு பக்கமும் கடல் தெரிவதால் அது பலித்தும்விட்டது. இவ்வளவும் செய்துவிட்டு, அவர் இங்கே தங்கியது கொஞ்சம்தான். மான்டே கார்லோ பக்கமே அவருக்குப் பிடித்திருந்தது.

வீட்டைவிட ஒன்பது தோட்டங்களும்தான் இங்கே விசேஷம் என்பேன். நீரூற்றுகள் இசைக்கு ஏற்ப ஆடுவது கொஞ்சம் திருவிழாத்தனம், ஆனால் குழந்தைகள் நகரமாட்டார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும், காத்திருக்கலாம்.

வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. காலையில் கெரிலோஸ், மதியம் எஃப்ரூசி. கெரிலோஸ் சிறிய வீடு, பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு குழு நுழைந்தாலே முற்றம் நிறைந்துவிடும். எஃப்ரூசி தோட்டம் எத்தனை பேரையும் விழுங்கும். இதை மாற்றிச் செய்தால் இரண்டு இடத்திலும் கூட்டத்தில் மாட்டுவீர்கள்.

நடை: போல்யூவிலிருந்து சேன்-ழான் கிராமம் வரை போகும் மோரிஸ் ரூவியே நடைபாதை சமதளம், தளம் பாவியது. நடிகர் டேவிட் நிவன் வாழ்ந்த இளஞ்சிவப்பு வீட்டை வழியில் பார்க்கலாம், வெளியிலிருந்து மட்டும். கால் இன்னும் தாங்கும் என்றால் கிராமத்துக்கு அப்பால் சேன்-ஓஸ்பிஸ் முனையைச் சுற்றிவர முக்கால்மணி போதும். முழு ஃபெரா முனையையும் சுற்றுவது இன்னொரு ஐந்தாறு கிலோமீட்டர், மேற்குப் பக்கம் நிழலே இல்லை. இரண்டு வீடும் பார்த்த நாளில் அதையும் சேர்க்காதீர்கள்.

வழியில் பெயர்ப்பலகை கண்டு ஆசைப்பட வேண்டாத இடம் ஒன்று: லெயோபோல்டிடம் ஒருகாலத்தில் இருந்த லெ செத்ர். 2019-இல் சுமார் 20 கோடி யூரோவுக்குக் கைமாறியதாகச் செய்தி வந்த அந்த மாளிகை மரங்களுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது.

மறைசெலவு. இரண்டு சீட்டும் சேர்ந்து பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 30 யூரோ. கெரிலோஸ் அரசின் நினைவுச்சின்ன மையத்தின் கீழ் வருவதால் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 25 வயது வரையிலான இளைஞர்களுக்கும் இலவசம். அங்கே படிக்கும் மாணவர்கள் அடையாள அட்டையை மறக்காதீர்கள். உண்மையான அடி மதியச் சாப்பாட்டில் விழும். சேன்-ழான் துறைமுகத்தில் உட்கார்ந்தால் சீட்டுக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாகப் போகலாம். போல்யூவின் காலைச் சந்தையில் ரொட்டி, சீஸ், பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். சைவர்கள் கவனிக்க: இந்தப் பக்கத்துச் சாண்ட்விச்சான பான் பாஞ்ஞாவில் சூரை மீனும் நெத்திலியும் இருக்கும். கொண்டைக்கடலை மாவில் செய்யும் சொக்கா நம் கடலைமாவு தோசைக்கு ஒன்றுவிட்ட தம்பி, தைரியமாகச் சாப்பிடலாம். ஆனால் அது நல்லதாகக் கிடைப்பது நீஸின் பழைய நகரத்தில், ஆகவே இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு: முதல்முறை வருபவர்கள், பெற்றோரோடு வருபவர்கள், எந்தக் கிழமை கையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்.

## மார்த்தன் முனை: பளபளப்பு இல்லாத புகழ்

இங்கே தங்கமுலாம் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். வெள்ளைக் கான்கிரீட்டில் ஒரு நடுத்தர வீடும், மரப்பலகையில் ஒரு குடிலும். ஆனால் இந்தக் கரையின் மாளிகைகளில் உலகக் கட்டடக்கலையை அசைத்தது எது என்று கேட்டால், நான் இந்தச் சின்ன வீட்டைத்தான் காட்டுவேன்.

அயர்லாந்தில் பிறந்த ஐலீன் கிரே, தளவாட வடிவமைப்பில் பெயர் எடுத்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில், 1926-க்கும் 1929-க்கும் இடையில், தோழர் ழான் பதோவிசிக்காக இந்த இ-1027 வீட்டைக் கட்டினார். வெயில் எங்கே விழும், காற்று எங்கிருந்து வரும், படுக்கையில் இருப்பவர் கை எங்கே நீளும் என்று ஒவ்வொரு அங்குலத்திலும் யோசனை தெரியும். இந்த வீட்டுக்காக அவர் வடிவமைத்த, உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய வட்டக் கண்ணாடி மேசையின் நகலை எங்காவது ஒரு தளவாடக் கடையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில ஆண்டுகளில் கிரே வெளியேறிவிட்டார். பிறகு விருந்தாளியாக வந்த கட்டடக் கலைஞர் லெ கோர்புசியே 1938, 39-இல் வெற்றுச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டினார், கிரேயைக் கேட்காமலே. அவருக்கு அது ஆறாத கோபம். போர்க்காலத்தில் படையினர் தங்கியதில் சுவரில் துப்பாக்கிக் குண்டு பட்ட தடங்களும் சேர்ந்தன. பாழடைந்து கிடந்ததை மீட்டு, 2021-இல் மீண்டும் திறந்தார்கள். ஓவியங்கள் இப்போதும் சுவரில் இருக்கின்றன. வைத்தது சரியா என்று வழிகாட்டியிடம் கேட்டுப்பாருங்கள், சுற்றுலாவின் சுவையான பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

நமக்கு ஒரு சொந்தமும் இங்கே இருக்கிறது. லெ கோர்புசியே சண்டிகருக்காக உழைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், 1951, 52-இல், கிரேயின் வீட்டுக்குப் பின்னாலேயே தனக்கென்று ஒரு குடில் போட்டார். நீளமும் அகலமும் 3.66 மீட்டர். சமையலறை கிடையாது, பக்கத்துக் கடலோர உணவகத்துக்குள் திறக்கும் கதவு உண்டு. ஒரு தலைநகரத்தையே வரைந்தவர் கோடையைக் கழித்த இடம் இது. 2016-இல் யுனெஸ்கோ அவருடைய 17 படைப்புகளை ஒரே பட்டியலில் சேர்த்தபோது, சண்டிகரின் கேப்பிடல் வளாகமும் இந்தப் பலகைக் குடிலும் அதில் ஒன்றாக இடம்பெற்றன. 1965 ஆகஸ்ட் 27 அன்று இதே கரையில் நீந்தப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. மேலே ரோக்ப்ரூன் கிராமத்து இடுகாட்டில் மனைவியோடு அடங்கியிருக்கிறார்.

நடை: ரோக்ப்ரூன்-கப்-மார்த்தன் ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே சந்திப்பிடம். அங்கிருந்து குழுவாக அழைத்துப் போவார்கள். தண்டவாளத்தை ஒட்டிய பாதை, பிறகு இறங்குபடிகள். சுற்றுலா முடிந்தபின் முனையைச் சுற்றிக் கார்னோலெஸ் வரை நடந்தால் ஒன்றரை மணி. மூன்று வழிகளிலும் நிழல் மிகுந்தது இதுதான். பைனும் காட்டு ஆலிவும் தலைக்கு மேலே வரும். வழியில் பிரெஞ்சுப் பேரரசி யூஜேனியின் சீர்னோஸ் மாளிகை போன்ற பழைய அரச குடும்பத்து வீடுகள் வரும், எதற்குள்ளும் போக முடியாது. திரும்ப ரோக்ப்ரூன் வரவேண்டாம், கார்னோலெஸிலேயே ரயில் ஏறலாம்.

மறைசெலவு. இங்கே செலவு காசில் இல்லை, சுதந்திரத்தில். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். குழு சிறியது, நேரம் குறித்தது, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். வழிகாட்டி பேசும் மொழி எது என்று பதிவு செய்யும்போதே பாருங்கள். ரயில் மொனாக்கோவைக் கடந்துதான் வரவேண்டும், கார்ப் பந்தய வார இறுதியில் அந்தப் பெட்டிகளில் மூச்சுவிட இடம் இருக்காது. சுற்றுலா நேரத்துக்கு ஒரு ரயில் முன்னதாகவே வந்துவிடுவது நல்லது, தாமதமாக வந்தவருக்காக யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

யாருக்கு: கட்டடம், வடிவமைப்பு, ஓவியம் இவற்றில் ஈடுபாடு உள்ளவர்கள், இரண்டாம் முறை வருபவர்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு வேண்டாம். ஓடியாடும் சிறுவர்களுக்கும் வேண்டாம். எதையும் தொடாதே என்று சொல்லிச் சொல்லியே பொழுது போய்விடும்.

## அந்தீப் முனை: நடைக்காக மட்டும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடைக்கு முதல் பரிசு, வீட்டுக்குக் கடைசி இடம்.

கரூப் கடற்கரையிலிருந்து தொடங்கும் தீர்-ப்வால் பாதை, வெள்ளைப் பாறைக்கும் அலைக்கும் நடுவே ஏறி இறங்கிப் போகிறது. எதிரே, வானம் தெளிந்த நாளில், ஆல்ப்ஸின் பனி. முடியும் இடம் ஒரு சின்னக் குடா. அதற்குப் பழைய பெயர் கள்ளப்பணக் குடா, இன்று சுற்றுலாக்காரர்கள் அந்தப் பக்கத்தைக் கோடீசுவரர் விரிகுடா என்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்புவோம்.

அங்கேதான் எலென்ரோக். பாரிஸ் ஆபெரா மாளிகையைக் கட்டிய சார்ல் கார்னியே, 1860-களில் ஒரு டச்சுச் செல்வந்தருக்காக வடிவமைத்தது. கடைசி உரிமையாளரான பியூமான்ட் அம்மையார் 1982-இல் நகரத்துக்குக் கொடுத்துவிட்டார். 11 ஹெக்டேர் தோட்டம் அருமை, கட்டணமும் பெயரளவுக்குத்தான். ஆனால் திறப்பது புதன்கிழமையும் சில சனிக்கிழமைகளும் மட்டும். வீட்டுக்குள் பார்க்கத் தளவாடம் அதிகமில்லை. முடிதுறந்த பிரிட்டிஷ் மன்னரான விண்ட்சர் கோமகன் வாடகைக்கு இருந்த லா க்ரோயே மாளிகை, 1870-இல் தொடங்கிய ஈடன்-ரோக் விடுதி இரண்டும் பக்கத்திலேயே உண்டு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

மறைசெலவு. காற்று பலமாக அடித்தாலோ கடல் கொந்தளித்தாலோ பாதையையே பூட்டிவிடுவார்கள். அந்தீப் ரயில் நிலையத்திலிருந்து கரூப் நாலு கிலோமீட்டர், பேருந்து அடிக்கடி வராது. நல்ல பிடிப்புள்ள காலணி கட்டாயம்.

யாருக்கு: கடலோர நடைதான் முக்கியம், மாளிகை கிடைத்தால் லாபம் என்று நினைக்கும் இளைஞர் கூட்டத்துக்கு. அதுவும் புதன்கிழமையில்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஃபெரா–போல்யூ | மார்த்தன் முனை | அந்தீப் முனை |
|---|---|---|---|
| உள்ளே போகும் வீடு | இரண்டு | ஒரு வீடு, ஒரு குடில் | ஒன்று, குறித்த நாளில் |
| முன்பதிவு | இருந்தால் நல்லது | கட்டாயம் | நாளைப் பார்த்தால் போதும் |
| நடை | பெரும்பாலும் சமதளம் | படிகள் அதிகம் | கரடுமுரடு |
| நிழல் | தோட்டங்களில் உண்டு | நிறைய | மிகக் குறைவு |
| சீட்டுச் செலவு | அதிகம் | நடுத்தரம் | சில யூரோ |
| பெரியவர்களுக்கு | சரி | கடினம் | வேண்டாம் |
| மழை வந்தால் | சமாளிக்கலாம் | பாதி நாள் போச்சு | முழு நாளும் போச்சு |

## முடிவெடுக்கும் வரிசை

முதலில் இ-1027-க்கு உங்கள் தேதியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீட்டின் கதையைப் படித்தபோது உங்களுக்கு ஆவல் மூண்டிருந்து, இடமும் இருந்தால், யோசிக்காமல் பதிவு செய்யுங்கள். மற்ற இரண்டும் அடுத்த பயணத்துக்கும் காத்திருக்கும், இந்தச் சிறு குழுவில் இடம் கிடைப்பது அரிது.

இடமில்லை, அல்லது அந்தக் கதை உங்களை ஈர்க்கவில்லை என்றால் ஃபெரா முனை. அதில் ஒரு வீட்டுக்குத்தான் நேரம் அல்லது காசு என்றால், குழந்தைகளோடு வருபவர்கள் எஃப்ரூசி, பெரியவர்கள் மட்டும் என்றால் கெரிலோஸ். எனக்குக் கெரிலோஸ்தான். ஒரு மனிதர் தான் விரும்பிய நூற்றாண்டில் உண்மையாகவே குடியிருந்த வீடு அது. எஃப்ரூசியில் ரசனை இருக்கிறது, வாழ்ந்த தடம் தெரியவில்லை.

மே முதல் தேதியும் டிசம்பர் 25-உம் கெரிலோஸ் மூடியிருக்கும். குளிர்காலத்தில் எஃப்ரூசி வார நாட்களில் மதியத்துக்கு மேல்தான் திறக்கும், அப்போது நான் சொன்ன காலை–மதிய வரிசை தானாகவே பொருந்திவிடும். ரயில்வே வேலைநிறுத்தம் என்று முந்தின மாலை செய்தி வந்தால் கலங்கவேண்டாம். ஃபெரா முனைக்கு நீஸிலிருந்து நேராகப் பேருந்து உண்டு, மற்ற இரண்டு முனைகளுக்கும் அன்றைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.